பால் மங்கு சுட்ட சூளை: ஒருவரால் மூட்ட முடியாத நெருப்பு

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டில் தேடினால் ஒரு மங்காவது அகப்படும். எங்கள் பாட்டி வீட்டில் மூன்று இருந்தன. ஒன்றில் உப்பு. இன்னொன்றில் கோழிக்குத் தண்ணீர். மூன்றாவது, சாமி மேடையில் ஊதுவத்திச் சாம்பலைத் தாங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயத்து வீடு போய்த் தாமான் வீடு வந்தது. ஆட்டுக்கல், அம்மிக்கல் எல்லாம் எங்கோ போய்விட்டன. மங்கு மட்டும் கூடவே வந்துவிட்டது.

உள்ளே வழவழப்பாகவும் வெளியே சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும் அந்தச் சிறிய மண் கிண்ணத்தை யார் செய்திருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பாட்டிக்கும் தெரியாது. ஸ்டோரில் கொடுத்தார்கள், மரத்தில் மாட்டினோம் என்பதோடு சரி. பால் வெட்டியவர்களைப் பற்றி நம்மிடம் கதைகளும் பாடல்களும் நிறைய இருக்கின்றன. அந்தப் பாலைப் பிடித்த மங்கைப் பற்றி எதுவும் இல்லை.

அதற்கான பதில்களில் ஒன்று ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரின் மேற்கில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அருகே, ஜாலான் பஹார் வட்டாரத்தில் லோரோங் தாவாஸ் என்று ஒரு சிறிய சாலை உண்டு. அங்கே மரங்களுக்கு நடுவே இரண்டு நீளமான செங்கல் சூளைகள் இன்றும் நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை தோட்டங்களுக்கு மங்கு சுட்டுக் கொடுத்தன. இப்போது பலர் கூடி, கையால் செய்த மண்பாண்டங்களைக் கொண்டுவந்து சேர்த்துச் சுடும் பொதுச் சூளைகளாக இருக்கின்றன.

மங்கு ஏன் மண்ணில் செய்யப்பட்டது?

மலாயில் கிண்ணத்தை 'மங்கோக்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கும் நம் 'மங்கு'க்கும் உள்ள ஒற்றுமையைக் காது உடனே பிடித்துக்கொள்ளும். தொடக்கக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையிலும் பால் பிடித்தார்கள். ஆனால் சிரட்டையில் நுண்ணிய துளைகள் உண்டு. நேற்றைய பாலின் மிச்சம் அதில் ஒட்டிக்கொண்டு புளிக்கும். அந்தப் புளிப்பு இன்றைய பாலையும் கட்டியாக்கிவிடும். தகரம் என்றால் துரு. செம்பு கலந்த பாத்திரமாக இருந்தால் இன்னும் மோசம், செம்பு ரப்பரின் தரத்தையே கெடுத்துவிடும்.

மண்ணைச் சுட்டு, உள்ளே கண்ணாடிப் பூச்சுப் பூசிய மங்குக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை. துருப் பிடிக்காது, பால் உள்ளே ஊறாது. அடியில் உறைந்த பாலை விரலால் நெம்பினால் தோல்போல உரிந்து வந்துவிடும். விடியற்காலை இருட்டில் நிரைக்குப் போய், ஒவ்வொரு மங்காகத் துடைத்துவிட்டு வெட்டியவர்களுக்கு அந்த வழவழப்பின் அருமை தெரியும்.

எத்தனை மங்கு தேவைப்பட்டிருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 500 மரம் வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில் அவருக்கு இரண்டு நிரைகள், 1,000 மரங்கள், 1,000 மங்குகள். 100 பேர் பால் வெட்டும் தோட்டத்துக்கு 100,000 மங்குகள் வேண்டும். கிளை விழுந்து உடைவது, கை தவறி உடைவது என்று ஆண்டுதோறும் புதிதாகவும் வாங்க வேண்டும். மலாயா முழுவதும் இருந்த தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். மங்கு செய்வது சிறிய கைத்தொழிலாக இருந்திருக்க முடியாது.

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியான ஜூரோங்கில் நல்ல வெண்களிமண் கிடைத்தது. சூளை கட்டச் சரிவான நிலம் இருந்தது. சுற்றிலும் இருந்த தோட்டங்களிலிருந்து ரப்பர் விறகும் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் தியோச்சியூ சீனக் குயவர்கள் தங்கள் ஊர் முறைப்படி சூளைகளைக் கட்டினார்கள். மங்கோடு தண்ணீர்ச் சாடிகளும் பூச்சட்டிகளும் செய்தார்கள். ஜோகூரின் ஆயர் ஈத்தாம், மாச்சாப் வட்டாரங்களிலும் இதே தொழில் நடந்தது. ஆகவே உங்கள் வீட்டு மங்கு லோரோங் தாவாஸில்தான் பிறந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட ஒரு சூளையில் பிறந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

படுத்திருக்கும் டிராகன்

லோரோங் தாவாஸில் இருக்கும் இரண்டில் தோ குவாங் சூளை 1940-ல் கட்டப்பட்டது. இன்று அதை நடத்தும் குடும்பம் 1965-ல் அதை வாங்கியது. மற்றொன்று குவான் ஹுவாட் சூளை. அது 1958-ல் கட்டப்பட்டது, ஏறத்தாழ 40 மீட்டர் நீளம். சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் 'டிராகன் சூளைகள்' இந்த இரண்டு மட்டுமே.

பெயரைக் கேட்டு வியக்க வேண்டாம். மேட்டில் ஏறியபடி ஒரு டிராகன் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் தலைப்பகுதியில்தான் அடுப்பு. மேலே வால்பகுதியில் புகைபோக்கி. இரண்டுக்கும் நடுவே, ஆள் உள்ளே போய்ப் பாண்டங்களை அடுக்கும் அளவுக்குச் செங்கல்லால் வளைத்துக் கட்டிய நீளமான குகை. அதன் இரு விலாவிலும் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். விறகு போடுவதற்கான வழிகள் அவை. சூளை எரியும்போது அந்தத் துளைகள் வழியே நெருப்பு நாக்கு நீட்டும். பெயர் வந்த காரணம் அப்போது விளங்கும்.

சரிவில் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. சூடான காற்று மேலே ஏறும். அதனால் சூளை முழுவதுமே ஒரு சாய்ந்த புகைபோக்கிபோல வேலை செய்கிறது. மின்விசிறியோ துருத்தியோ தேவையில்லை, நெருப்பு தானாகவே மேல்நோக்கி இழுத்துக்கொண்டு போகும். கீழே எரிவதன் வெப்பம் வீணாகாமல், மேலே உள்ள பாண்டங்களை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. முன்பகுதி வெந்து முடிந்ததும், பக்கத்துத் துளைகளில் விறகு போட்டு நெருப்பைப் படிப்படியாக மேலே ஏற்றிச் செல்வார்கள். கடைசித் துளையை அடையும்போது அங்கே ஏற்கெனவே பாதி வெப்பம் ஏறியிருக்கும். விறகு மிச்சமாகும். மின்சாரம் இல்லாத காலத்து அறிவு இது.

உள்ளே வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில்தான் களிமண் கல்போல இறுகி நீர் புகாததாகிறது. இன்னொரு மாற்றமும் நடக்கிறது. விறகுச் சாம்பல் நெருப்போடு பறந்துபோய்ப் பாண்டங்களின் மேல் படியும். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் மண்ணில் உள்ள மணற்சத்தோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிவிடும். யாரும் தூரிகையால் பூசாத பூச்சு அது. அடுப்புக்கு அருகில் இருந்த பாண்டத்தில் சாம்பல் தடிப்பாக வழிந்திருக்கும், தள்ளி இருந்ததில் மெல்லிய பளபளப்பு மட்டும் தெரியும். காற்று குறைந்த நேரத்தில் மண்ணில் உள்ள இரும்பு ஒரு நிறம் காட்டும், காற்று நிறைந்த நேரத்தில் வேறு நிறம் காட்டும். ஒரே மண்ணில் ஒரே கை செய்த இரண்டு கிண்ணங்கள் வெளியே வரும்போது இரண்டு விதமாக இருப்பது இதனால்தான்.

ஒற்றை ஆளால் ஆகாத வேலை

மின்சூளை என்றால் ஒருவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போகலாம். டிராகன் சூளையில் அது நடக்காது.

முதலில், சூளையை நிரப்ப வேண்டும். ஒரு குயவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தாலும் அந்தக் குகை நிறையாது. பாதி காலியாக எரித்தால் விறகும் உழைப்பும் வீண். பலருடைய பாண்டங்கள் சேர வேண்டும்.

அடுத்து, விறகு. அதைச் சேகரிக்க வேண்டும், பிளக்க வேண்டும், மழையில் நனையாமல் காய வைக்க வேண்டும். அதன் பிறகு எரிப்பு. நெருப்பு மூட்டியதிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டியும் வேலை போகும். பக்கத்துத் துளைகளில் விறகு போடும்போது இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்று ஒரே நேரத்தில் போட வேண்டும். அவசரப்பட்டு அதிகம் போட்டால் நெருப்பு மூச்சுத் திணறும், வெப்பம் இறங்கும். அசந்து குறைத்துப் போட்டாலும் இறங்கும். ஆகவே முறை வைத்துக் காவல் காப்பார்கள். ஒருவர் தூங்கப் போனால் இன்னொருவர் வந்து நிற்பார். தோட்டத்தில் இராக்காவல் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

எரித்து முடித்ததும் வாய்களை அடைத்துவிட்டுப் பல நாள் காத்திருக்க வேண்டும். ஆர்வத்தில் முன்னதாகத் திறந்தால் குளிர்காற்று பட்டுப் பாண்டங்கள் வெடித்துவிடும். தோ குவாங்கில் நெருப்பு மூட்டுவதற்கு முன் சூளைச் சாமிக்குப் படையல் வைத்து வணங்கும் வழக்கமும் இருக்கிறது. பூசை போடாமல் புது அடுப்பைக் கூடப் பற்றவைக்காத நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அணைந்த நெருப்பு மறுபடி எரிந்த கதை

பிளாஸ்டிக் வந்ததும் மங்குக்கு இருந்த தேவை போயிற்று. தோட்டங்களும் செம்பனைக்கு மாறின. வெளிநாட்டிலிருந்து மலிவான மண்பாண்டங்கள் வந்து குவிந்தன. ஜூரோங் தொழிற்பேட்டையானது. ஒவ்வொரு சூளையாக இடிபட்டது. தோ குவாங் குடும்பம் மண்பாண்டங்களை வரவழைத்து விற்கும் வியாபாரத்துக்கு மாறியது. டிராகன் பல ஆண்டுகள் எரியாமல் கிடந்தது.

அதை மறுபடி எழுப்பியது பெரிய முதலாளியின் பணம் அல்ல. மண்ணில் ஆர்வம் கொண்டவர்கள் சிலர் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மீண்டும் விறகு வைத்து எரிக்கத் தொடங்கினார்கள். இவர்களில் பலர் மண்பாண்டத்தை நம்பிப் பிழைப்பவர்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டே வனைபவர்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு கலைஞர் குழுவாகவும் சேர்ந்தார்கள். பக்கத்தில் குவான் ஹுவாட் சூளை இருக்கும் இடம் 'ஜாலான் பஹார் களிமண் கூடம்' என்ற பெயரில், கலைஞர்கள் பணியிடத்தையும் சூளையையும் பகிர்ந்துகொள்ளும் இடமாக மாறியது. 2013-ல் பொதுமக்கள் கையால் பிடித்த ஏராளமான சிறு மண் உருவங்களை அங்கே சேர்த்துச் சுட்ட சமூகக் கலை நிகழ்ச்சி ஒன்றும் நடந்தது.

பங்கு போட்டுச் சுடுவது எப்படி?

கூட்டுச் சூளை என்றால் செலவைப் பங்கு போடுவது மட்டும் என்று நினைக்கலாம். அது எளிய பகுதிதான். பொதுவாக, சூளைக்குள் ஒருவருடைய பாண்டங்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றனவோ அதற்கேற்பக் கட்டணம் இருக்கும். கடினமான பகுதி ஒருவரை ஒருவர் நம்புவது.

ஒருவர் சரியாகக் காயாத பாண்டத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பாண்டம் வெடிக்கும். அதன் சில்லுகள் பக்கத்தில் இருக்கும் இன்னொருவருடைய பாண்டத்தைக் கெடுக்கும். குறைந்த சூட்டுக்கான மண்ணில் ஒருவர் செய்திருந்தால் அது உருகிக் கீழே வழிந்து தட்டையே பாழாக்கும். பூச்சைத் தடிப்பாகப் பூசியிருந்தால் அடுத்த பாண்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் என்ன மண், என்ன பூச்சு என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். பாண்டத்துக்கும் தட்டுக்கும் இடையில் சிறு மண் உருண்டைகளை வைக்கிறார்கள். சுட்ட பிறகு தட்டிவிட்டால் பாண்டம் தனியாக வந்துவிடும்.

அடுப்புக்குப் பக்கத்து இடம் யாருக்கு என்பதும் ஒரு கேள்வி. சாம்பல் அழகு அங்கேதான் கிடைக்கும், ஆபத்தும் அங்கேதான் அதிகம். எல்லாரும் தம் பாண்டத்தை முன்வரிசையில் வைக்கக் கேட்டால் அடுக்கவே முடியாது. அனுபவம் உள்ளவர்கள் பாண்டத்தின் உயரம், வடிவம், நெருப்பு போகும் பாதை ஆகியவற்றைப் பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள். மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

'பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?' என்று நம் பழமொழி கேட்கிறது. சுடாத மண்ணைத் தண்ணீரில் கரைத்து மறுபடி பிசையலாம். சுட்டுவிட்டால் திரும்ப முடியாது. ஆகவே சூளைக்குள் பாண்டத்தை வைப்பவர் தம் பல வார உழைப்பைப் பத்துப் பதினைந்து பேர் கையில் ஒப்படைக்கிறார். அவர்களுடைய உழைப்பும் இவர் கையில் இருக்கிறது.

நம் குயவர்களும் இந்தச் சூளையும்

இதைப் படிக்கும் உங்களுக்குக் கோல சிலாங்கூர் நினைவுக்கு வந்திருக்கும். அந்த வட்டாரத்தில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் இன்றும் அகல்விளக்கும் பொங்கல் பானையும் வனைகின்றன. தீபாவளிக்கு நாம் ஏற்றும் விளக்குகளில் சில அவர்கள் கைபட்டவை.

அவர்களுடைய வேலையும் டிராகன் சூளை வேலையும் ஒன்றல்ல. பானையும் அகலும் அதைவிடக் குறைந்த சூட்டில், 1,000 டிகிரிக்கும் கீழே சுடப்படுபவை. அதனால் மண்ணில் நுண்ணிய துளைகள் மூடாமல் இருக்கும். அதைக் குறை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. விறகடுப்பில் ஏற்றினாலும் பொங்கல் பானை சூட்டைத் தாங்குவதற்கு அந்த இளகிய உடல்தான் காரணம். கல்போல இறுகிய சாடியை அடுப்பில் வைத்தால் விரிசல் விடும். பால் பிடிக்க மங்கு, பொங்கல் வைக்கப் பானை. அதது அதன் வேலைக்கேற்ற நெருப்பில் வெந்தது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் யோசிக்க வேண்டும். குயவர் குடும்பம் ஒன்று மண் சேகரிப்பது, பிசைவது, வனைவது, காய வைப்பது, சுடுவது, விற்பது எல்லாவற்றையும் தனியாகச் சுமக்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்கள் சிலாங்கூரில் மழைக்காலம். விளக்குகள் காய்வதற்கு வெயில் வேண்டும். அதே நேரத்தில் அச்சில் வார்த்த விளக்குகள் கடைகளில் மலிவாகக் குவிந்திருக்கும். 'குயவனுக்கு ஆறு மாதம், தடியடிக்காரனுக்கு அரை நாழிகை' என்பார்கள். பல தலைமுறை சேர்த்த கைப்பழக்கம் மறைய ஒரு தலைமுறை வேறு வேலைக்குப் போனால் போதும். அப்படிப் போகும் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது.

லோரோங் தாவாஸில் சூளை பிழைத்ததற்குக் காரணம், அது ஒரு குடும்பத்தின் சுமையாக மட்டும் நிற்காமல் பலருடைய சூளையாக மாறியதுதான். குடும்பம் இடத்தையும் அனுபவத்தையும் கொடுத்தது. வெளியார் பாண்டங்களையும் கைகளையும் இரவு விழிப்பையும் கொடுத்தார்கள். இதே ஏற்பாட்டை நம் குயவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாள் போய் மண் பிசைவதும், ஆலயங்கள் ஆண்டுத் தேவைக்கான விளக்குகளை மாதங்களுக்கு முன்பே சொல்லி வைப்பதும் பெரிய செலவில்லாத தொடக்கங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் மழைக்கு முந்திய வெயிலிலேயே விளக்குகள் காய்ந்துவிடும்.

எரிந்தால்தான் சூளை

சிங்கப்பூரின் இந்த இரண்டு சூளைகளும் பாதுகாப்பாக இருக்கின்றன என்றும் சொல்லிவிட முடியாது. அவை இருக்கும் வட்டாரம் இப்போது நவீனத் தொழில்நுட்பப் பூங்காவாக வளர்ந்துவருகிறது. நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. குறுகிய காலக் குத்தகையில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை குத்தகை முடியும் நேரத்திலும் அடுத்து என்ன என்ற கேள்வி எழுகிறது.

இடிக்காமல் வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்துப் பாதுகாத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. எரியாத டிராகன் சூளை வெறும் செங்கல் குகைதான். நெருப்பின் நிறத்தைப் பார்த்து வெப்பம் சொல்லத் தெரிந்த கண், எப்போது விறகு போடுவது என்று அறிந்த கை ஆகியவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது. எரிக்கும் இரவில் பழையவர் பக்கத்தில் நின்று புதியவர் கற்றுக்கொண்டால்தான் அது அடுத்தவருக்குப் போகும்.

சிங்கப்பூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் லோரோங் தாவாஸுக்கு ஒரு நடை போய் வாருங்கள். தாத்தா பாட்டியை அழைத்துப்போக முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே நமக்குத் தமிழில் எழுதிய பலகை இருக்காது. ஆனால் அந்தச் செங்கல் சுவருக்கும் நம் நிரைகளுக்கும் இடையே ஒரு பழைய தொடர்பு உண்டு. நம் மரங்களின் விறகில் அவர்கள் நெருப்பு எரிந்தது. அவர்கள் சுட்ட மங்கில் நம் மக்கள் பால் பிடித்தார்கள். இரு பக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

பாட்டியின் மூன்று மங்குகளில் இரண்டு உடைந்துவிட்டன. சாமி மேடையில் இருந்தது மட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. திருப்பிப் பார்த்தேன். அடியில் பூச்சுப் படாத வெறும் மண்ணில், பிடித்துத் தூக்கிய யாரோ ஒருவருடைய விரல் தடம் சுட்டபடியே நிற்கிறது. உங்கள் வீட்டில் மங்கு இருந்தால் வீசிவிடாதீர்கள். கழுவி, ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.